காகித இறகு

கிசாமா மலைச்சரிவின் கீழே வேனை நிறுத்தியதும், வழிகாட்டியாக வந்த தம்பி எங்கள் ஒன்பது பேரிடமும் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். மொருங்கு என்ற நாகர் மரபு வீடு எதற்குள் போனாலும் முதல் பத்து நிமிடம் போனையோ கேமராவையோ வெளியே எடுக்கக் கூடாது. "உள்ளே போய் உட்காருங்கள். குளிர் காயுங்கள். ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். பிடித்தால் குடியுங்கள், இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். படம் எடுக்கலாமா என்று அதற்கப்புறம் கேளுங்கள்." வயது இருபத்தைந்து இருக்கலாம். பேக் மாவட்டத்துச் சாக்கேசாங் நாகர். முதல் நாளே நான் அவரைத் தம்பி என்று கூப்பிட்டேன். அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், அதன் பிறகு வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நான் ஆண்ட்டி.

முப்பத்தொரு வருடம் வால்பாறையில் ஆசிரியையாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு போக வேண்டும் என்று எழுதி வைத்திருந்த இடங்களில் முதலாவது இந்த ஹார்ன்பில் திருவிழா. காரணம் அந்தப் பறவைதான். எங்கள் ஊரில் அதற்கு இருவாச்சி என்று பெயர். ஆனைமலைக் காட்டில் நான் அண்ணாந்து பார்த்துப் பழகிய அதே பறவையின் பெயரில் நாகாலாந்தில் ஒரு விழா நடக்கிறது என்று படித்தபோது, ரொம்ப தூரத்தில் வாழும் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்ததுபோல் இருந்தது.

போய்ச் சேருவது சுலபமில்லை. திமாப்பூரில் இறங்கி மலைச்சாலையில் கோஹிமாவுக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும். 1873இல் பிரிட்டிஷார் போட்ட ஒழுங்குமுறைச் சட்டத்திலிருந்து வந்த நடைமுறை அது. சொந்த நாட்டுக்குள் எதற்கு அனுமதிச் சீட்டு என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். "வீட்டுக்கு வாசற்படி இருப்பதுபோல" என்றார் தம்பி. கேட்டவர் அதற்கு மேல் பேசவில்லை.

கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில், ஜாப்ஃபு மலையடிவாரத்தில் இருக்கிறது கிசாமா. கிக்வேமா, பேசமா என்ற இரண்டு ஊர்களின் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்துக் கோத்த பெயர். நாகாலாந்து தனி மாநிலமானது 1963 டிசம்பர் 1ஆம் தேதி. அந்த நாளில் தொடங்கிப் பத்து நாள் நடக்கும் இந்த விழா 2000ஆம் ஆண்டில் பிறந்தது. அங்காமிகளுக்குப் பிப்ரவரியில் செக்ரெனி, கொன்யாக்குகளுக்கு ஏப்ரலில் ஆவோலிங், ஆவோக்களுக்கு மே மாதம் மொவாட்சு, லோத்தாக்களுக்கு நவம்பரில் தொக்கு எமோங் என்று ஒவ்வொரு இனத்துக்கும் அவரவர் விதைப்பையும் அறுவடையையும் ஒட்டித் தனித்தனித் திருவிழா உண்டு. கிசாமா இவை எதற்கும் மாற்று இல்லை. எல்லாரும் ஒரே சரிவில் கூடுவதற்காக அரசு புதிதாக ஏற்படுத்திய விழா.

அந்தப் 'புதிதாக' என்ற சொல்தான் ஊரிலிருந்து கிளம்பும்போதே என்னை உறுத்திக்கொண்டு வந்தது. போகிறேன் என்று சொன்னவுடன் நண்பர் ஒருவர், "அது டூரிஸ்டுக்காகப் போடுகிற வேஷம், அசல் கிடையாது" என்று சொல்லியிருந்தார். முதல் நாள் காலை அரங்கத்தைப் பார்த்தபோது அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. வட்டமான புல்தரை. சுற்றிலும் படிக்கட்டு இருக்கைகள். ஒலிபெருக்கியில் இனத்தின் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் ஆங்கிலத்தில் அறிவிக்கிறார்கள். ஈட்டியும் தாவ் என்ற வெட்டுக்கத்தியும் ஏந்திய ஐம்பது பேர் மண்ணை மிதித்து உள்ளே வருகிறார்கள். அத்தனை தொண்டையும் சேர்ந்து எழுப்புகிற அந்தப் போர்க்குரலில் என் உடம்பு சிலிர்த்தது. ஆனால் பத்து நிமிடத்தில் அது முடிந்து, அறிவிப்பாளர் நன்றி சொல்லி, அடுத்த இனத்தைக் கூப்பிட்டார்.

அதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது வெளியே நடந்தது. முகத்தில் பச்சை குத்திய கொன்யாக் பெரியவர் ஒருவர், கழுத்தில் பித்தளைத் தலைகள் கோத்த மாலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தார். தலை கொய்து வந்த வீரர்களுக்கு மட்டுமே அந்தக் காலத்தில் அந்தப் பச்சையும் மாலையும் உண்டு. அந்தத் தலைமுறையில் இனிச் சிலர்தான் மிச்சம். அவரைச் சுற்றி ஏழெட்டு பேர் முழங்காலிட்டு, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. தம்பியின் நிபந்தனை எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. என் பையிலிருந்த கேமராவை அன்று முழுக்க நான் வெளியே எடுக்கவே இல்லை.

ஆட்டம் முடிந்து வந்த பையன் ஒருவனின் தலையணியைக் கிட்டத்தில் பார்க்க மறுநாள் வாய்ப்புக் கிடைத்தது. இருவாச்சியின் வால் இறகு எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளை, நடுவில் ஒரே ஒரு கறுப்புப் பட்டை. அவன் தலையில் விசிறியாக நின்றவையும் அப்படித்தான் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். காகிதம். வெள்ளை அட்டையை இறகு வடிவில் வெட்டி, நடுவில் கறுப்பு மையால் பட்டை தீட்டியிருந்தார்கள். என் முகம் வாடியதைத் தம்பி பார்த்துவிட்டார்.

"உண்மையான இறகுதான் வேண்டுமென்றால் எத்தனை பறவையைக் கொல்ல வேண்டும், ஆண்ட்டி?" என்றார்.

அதற்குப் பதில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருவாச்சி குஞ்சு பொரிக்கும் விதத்தை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பெட்டை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு கீறல் மட்டும் திறந்திருக்கும். மாதக்கணக்கில் அதன் வழியாக ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டும். ஆணைச் சுட்டுவிட்டால் பொந்துக்குள் இருக்கும் தாயும் குஞ்சும் ஊட்டுவதற்கு ஆளில்லாமல் தவித்துப்போகும். நாகாலாந்துக் காடுகளில் இந்தப் பறவை அரிதாகிப்போனதற்கு வேட்டையும் காடழிப்பும் காரணம். இப்போது வனவிலங்குச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு அதற்கு உண்டு. பாட்டனார் காலத்து இறகு வீட்டில் இருந்தால் அதைத் துணியில் சுற்றிப் பொக்கிஷமாக வைத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குக் காகிதம். காட்டில் ஒரு பறவை உயிரோடு இருக்கட்டும் என்று தலையில் காகிதம் சூடுகிறவனை வேஷக்காரன் என்று எப்படிச் சொல்வேன்? அசல், போலி என்று நான் ஊரிலிருந்து சுமந்துவந்த தராசு அந்த இடத்தில் கையை விட்டு நழுவியது.

அன்று மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. டிசம்பரில் அங்கே அப்படித்தான். வேனில் திரும்பும்போது தம்பி தன் பாட்டியைப் பற்றிச் சொன்னார். அந்தக் கதைக்கு ஒரு பின்னணி உண்டு. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி கிளார்க் ஆவோ கிராமம் ஒன்றில் முதல் சபையை நிறுவியது 1872இல். 2011 கணக்கெடுப்பில் நாகாலாந்து மக்களில் நூற்றுக்கு 88 பேர் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் அரிசிக் கள்ளையும் மொருங்கையும் பழைய சடங்குகளையும் விட வேண்டும் என்பது அன்றைய சபைகளின் விதி. அவற்றோடு சேர்ந்து பாட்டுகளும் போயின. பாட்டியும் சிறு வயதில் பாடியதையெல்லாம் நிறுத்திவிட்டு ஞானப்பாட்டுக்கு மாறியவர். "அதே சபைதான் எங்களுக்கு எழுத்தும் பள்ளியும் கொடுத்தது. நானும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன்தான். யாரையும் குறை சொல்லவில்லை" என்றார். தான் பள்ளியில் படித்தபோது ஊரிலிருந்து கிசாமாவுக்கு ஒரு குழு கிளம்பியதாம். பழைய பாட்டுகள் யாருக்குத் தெரியும் என்று தேடிக்கொண்டு பாட்டியிடம் வந்திருக்கிறார்கள். நாற்பது வருடமாக அவற்றை வாய் திறந்து பாடாதவர், அடுப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "என் பாட்டி பழைய பாட்டு பாடி அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்."

டூரிஸ்டுக்காகப் போடுகிற வேஷம் என்று சொன்ன நண்பரிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். பார்க்க வந்தவர்கள் நாங்களாக இருக்கலாம். ஆனால் அந்த மேடை இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பாட்டியிடம் போய் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாமே மேடைக்கு வந்துவிடுகிறது என்றும் சொல்ல மாட்டேன். சாக்கேசாங் மக்களின் 'லி' பாட்டுகள் நெல் வயலில் வேலையோடு பிறந்தவை. மண்வெட்டி விழும் தாளத்துக்கு ஒரு குழு குரல் எடுக்க, இன்னொரு குழு அதை ஏந்திக்கொள்ளும். அனுஷ்கா மீனாட்சியும் ஈஸ்வர் ஸ்ரீகுமாரும் எடுத்து 2017இல் வெளிவந்த 'கோ கி பா லூ' என்ற ஆவணப்படத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். மலைப்படிகளில் இறங்கி வருகிற வயல் முழுவதும் பாடுவதுபோல் இருக்கும். கிசாமாவில் அதே வகைப் பாட்டை வெறுங்கையோடு வரிசையில் நின்று பாடினார்கள். குரல்கள் அழகாகத்தான் இருந்தன. சேறும் சரிவும் மூச்சு வாங்குதலும் இல்லாதது எனக்குக் குறையாகப் பட்டது. தம்பியிடம் சொன்னேன். "வயலில் கேட்க வேண்டுமென்றால் ஜூன் மாதம் வாருங்கள்" என்றார். அப்போது வேனோ அரங்கமோ இருக்காது, கூட வேலை செய்ய வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 டிசம்பர் 4ஆம் தேதி, விழா நடந்துகொண்டிருந்தபோது, மோன் மாவட்டத்து ஓட்டிங் கிராமத்தருகே நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களைத் தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தினர் சுட்டார்கள். அதிலும் தொடர்ந்து நடந்தவற்றிலும் பொதுமக்கள் 14 பேர் இறந்தார்கள். கிசாமா மொருங்குகளில் கறுப்புக் கொடி ஏறியது. கிழக்குப் பகுதி இனங்கள் ஆட மறுத்தன. சில நாளில் அரசு மீதி விழாவையே ரத்து செய்தது. அந்தக் கறுப்புக் கொடியைப் பற்றிச் சொன்னபோது தம்பியின் குரல் தாழ்ந்துபோயிருந்தது. ஆட வேண்டாம் என்று முடிவெடுக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். வேடிக்கைப் பொருளாக நிற்பவர்களால் அது முடியாது. முதல் நாள் எனக்குள் இருந்த சங்கடம், இதைக் கேட்ட பிறகு, ஆடுகிறவர்களைப் பற்றியதாக இல்லாமல் லென்ஸோடு முழங்காலிட்டவர்களைப் பற்றியதாக மட்டும் மிஞ்சியது.

கடைசி நாள் சாக்கேசாங் மொருங்கிலேயே உட்கார்ந்துவிட்டோம். அந்தக் காலத்தில் ஊர்ப் பையன்கள் சிறு வயதிலேயே மொருங்குக்கு வந்து, கல்யாணம் வரை அங்கேயே தூங்கி, வேட்டையும் போரும் பாட்டும் ஊர்க்கட்டுப்பாடும் படித்தார்கள். பெண்கள் படியேறக் கூடாத இடம். "அன்றைக்கு வந்திருந்தால் உங்களை வாசலிலேயே நிறுத்தியிருப்போம், ஆண்ட்டி" என்று சொல்லித் தீப்பக்கத்தில் எனக்கு முக்காலி போட்டார் தம்பி. மூங்கில் குவளையில் அரிசிக் கள் வந்தது. புளிப்பும் லேசான இனிப்புமாக நீராகாரத்தின் நினைவைக் கொண்டுவந்தது. வாழை இலையில் சோறு. அடுப்புக்கு மேலே தொங்கப்போட்டுப் புகை ஏற்றிய பன்றிக்கறி. சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்த அகுனி. அதன் வாசனைக்கு எங்கள் குழுவில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். எனக்குக் கருவாட்டுக் குழம்பு பழக்கம் என்பதால் இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். ராஜா மிளகாயில் கடுகளவுதான் தொட்டேன். காது வரைக்கும் எரிந்தது.

எதிரே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மத்தியான ஆட்டத்துக்குப் போட்ட காகித இறகுகள் இன்னும் அவர் தலையில் இருந்தன. நான் எந்த ஊர் என்று தம்பி மூலமாகக் கேட்டார். தெற்கே, இந்தப் பறவை இன்னும் பறக்கிற மலை என்று அவர் தலையணியைக் காட்டிச் சொன்னேன். தம்பி அதைச் சொல்லிவிட்டு, தயக்கத்தோடு என் பக்கம் திரும்பினார். "ஆண்ட்டி, காட்டில் நான் அதைப் பார்த்ததே இல்லை."

பத்து நிமிடம் எப்போதோ கடந்திருந்தது. போனை எடுக்கலாமா என்று கேட்டேன். பெரியவர் தலையசைத்தார். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மிச்சமிருக்கிற சோலை ஒன்றில், அத்திமரத்தடியில் நின்று போன வருடம் நான் எடுத்த படம் அதில் இருந்தது. நாற்பது விநாடிதான். ஒரு ஜோடி கிளையை விட்டுக் கிளம்பிப் பள்ளத்தாக்கைக் கடந்து போகும். பறவைகள் மறைந்த பிறகும், கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதுபோல் இறக்கைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

தீயைச் சுற்றியிருந்த பையன்கள் எல்லாரும் தலையை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். பெரியவர் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். இரண்டாம் முறை, பறவைகள் கிளையில் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே, உதட்டைக் குவித்து ஊஃப், ஊஃப் என்று அந்தச் சத்தத்தை அவர் எழுப்பத் தொடங்கினார். சில நொடி கழித்து என் போனிலிருந்தும் அது வந்தது. பெரியவர் கண்ணைத் திறந்து, பையன்களிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார்.

என்ன சொன்னார் என்று தம்பியிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. போனை என் கையிலிருந்து வாங்கி, மூன்றாம் முறை போட்டு, பெரியவரின் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார்.