குடிலுக்குக் கேழ்வரகு

செண்பகனூர், டிசம்பர் 7

நாலரை மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. விளக்கைப் போட்டால்தான் கீபோர்டு தெரிகிறது. குளிர்காலம் முழுக்க இந்த அறையிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கப்போகிறேன்; கிறிஸ்துமஸுக்காவது கொஞ்சம் அழகுபடுத்துவோம் என்று கடைத்தெருப் பக்கம் போனேன். ஜிகினாச் சரம், பிளாஸ்டிக் இலை, பஞ்சில் செய்த பனி. எதையும் வாங்க மனம் வரவில்லை. பொங்கல் வந்தால் இவை எல்லாம் ஏதோ ஒரு ஓடையில்தான் கிடக்கும். மலைக்குப் பாரமாகாத பொருள் மட்டுமே இந்த அறைக்குள் வரட்டும்.

டிசம்பர் 9

எதிர்வீட்டு அக்கா குடிலுக்கென்று கூடை நிறையப் பாசி வைத்திருந்தார். "உங்க மேசைக்கும் கொஞ்சம் தரட்டா தம்பி?" என்றார். ஒரு துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அடியில் மரப்பட்டைச் செதில் அப்படியே ஒட்டியிருந்தது. லேசாக அழுத்தியதும் உள்ளங்கை நனைந்து முழங்கை வரை தண்ணீர் வழிந்தது. மூடுபனியைக் குடித்து வைத்துக்கொண்டு சோலைக்கு ஈரம் கொடுப்பது இதுதான். ஆர்க்கிட் வேர் பிடிப்பதும் இதில்தான். வைகைக்கும் அமராவதிக்கும் ஓடைகள் இறங்குகிற மலை இது. பிய்த்த இடத்தில் பாசி மறுபடி படர வருஷக்கணக்காகும்.

"வேண்டாங்க்கா, நான் கேழ்வரகு போட்டுக்கறேன்" என்றேன். வத்தலக்குண்டுப் பெரியம்மா குடிலுக்கு அதைத்தான் தெளிப்பார், முளைப்பாரி போடுகிற மாதிரி. 1223-இல் கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலிலும் இருந்தது வைக்கோல்தான். பக்கத்தில் உயிருள்ள மாடும் கழுதையும்.

டிசம்பர் 10

இரவெல்லாம் ஊறிய கேழ்வரகைத் தட்டில் மண் பரப்பித் தெளித்தாயிற்று. இந்தக் குளிரில் முளைக்கச் சூடு வேண்டும். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம் வெதுவெதுப்பான காற்று வருகிறது. தண்ணீர் தெறிக்காத தூரத்தில் தட்டை வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 13

கிறிஸ்துமஸ் மரத்துக்கு சைப்ரஸ் கிளை வெட்டவில்லை. வேலியோரம் தானாக முளைத்த வாட்டில் கன்று ஒன்றை வேரோடு பிடுங்கித் தொட்டியில் நட்டேன். இறகு இறகாக இலை, பார்க்க அழகுதான். ஆனால் தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்த மரம் பழனி மலையை என்ன பாடு படுத்திவிட்டது! நாற்பது ஆண்டுகளில் இங்குள்ள புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று 2018-இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. வாட்டில், பைன், யூகலிப்டஸ் தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வாட்டில் விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும். கன்றிலேயே பிடுங்குவதுதான் நல்லது. வீட்டுக்கு வீடு ஆளுக்கொரு கன்று பிடுங்கினால்கூட எனக்குச் சந்தோஷம்.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. ஜன்னல் ஓரத்தில் பைன் காய்களை வரிசையாக வைத்திருக்கிறேன். காலையில் செதில்களை இறுக்கி மூடிக்கொண்டிருந்தன. ஹீட்டர் போட்டு மதியம் பார்த்தால் மலர விரிந்திருக்கின்றன. செதிலின் வெளிப்புற அடுக்கு ஈரத்தில் அதிகம் உப்புவதால் உட்பக்கம் வளைகிறது, காய்ந்தால் நிமிர்கிறது. உதிர்ந்த காய்க்கும் இந்த வேலை நிற்பதில்லை. மீட்டிங்கின்போது கண் அங்கேயே போகிறது.

பாயின்செட்டியாவை இன்றைக்குத்தான் உள்ளே கொண்டுவந்தேன். நீண்ட இருட்டு கிடைத்தால்தான் அதன் இலை சிவக்கும். ராத்திரி பத்து மணி வரை விளக்கெரியும் அறையில் அக்டோபரிலிருந்தே வைத்திருந்தால் பச்சையாகவே நின்றிருக்கும். அதனால்தான் வராந்தாவில் விட்டிருந்தேன். நடுவில் மஞ்சளாகப் பொடிப்பொடியாக இருப்பதுதான் பூ.

டிசம்பர் 21

கேழ்வரகு விரல் நீளம் வளர்ந்து நிற்கிறது. மண் பொம்மைகளை நடுவில் வைத்தேன். அக்கா வந்து பார்த்து, "அடுத்த வருஷம் எனக்கும் ரெண்டு தட்டு போட்டுக் கொடுங்க தம்பி" என்று கேட்டுவிட்டுப் போனார். மூவரசர் திருநாள் வரைக்கும் குடில் இருக்கும். அப்புறம் தட்டிலுள்ள பயிர் அவர் வீட்டுப் பசுவுக்கு.