சட்டையின் நிறம்

ரக்பி லீக் என்னும் பந்தாட்டத்தில் ஆடுவோர் அணியும் சட்டையின் பட்டைகளைப் பற்றி அன்பர்கள் வழக்கிடுவதைக் கேட்டு யான் முன்னர் நகைத்ததுண்டு. இன்ன கட்சியார் இவர் எனக் காட்டுவதற்கு மேல் ஒரு சட்டையின்கண் யாதுளது என்பதே என் எண்ணம்.

ஸிட்னி நகரத்து ஸௌத் ஸிட்னி கழகத்தின் வரலாறு அவ்வெண்ணத்தை மாற்றிற்று. 1908-இல் தோன்றிய அக்கழகத்தின் நிறங்கள் செம்மையும் கரும்பச்சையுமாம். 1999-ஆம் ஆண்டின் இறுதியில் அது முதன்மைப் போட்டியினின்றும் நீக்கப்பட்டது. 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் பல்லாயிரவர் அந்நிறங்களை அணிந்து தெருக்களில் திரண்டனர். நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. 2002-இல் கழகம் மீண்டது. ஆடக் களமின்றி நின்ற ஈராண்டும் அஃது அன்பர்தம் சட்டைகளிலேயே உயிர்த்திருந்தது எனலாம்.

ஆதலின், பழைய பட்டைச் சட்டையையே அணிக என அன்னோர் வேண்டுவது வீண் பிடிவாதமன்று. ஆண்டுதோறும் புதுக்கோலம் புனைந்தால் விற்பனை பெருகும், கழகமும் பிழைக்கும் என்பாரும் உளர். அவர் கூற்றும் முற்றும் தள்ளற்பாலதன்று. ஆயினும், யாங்கள் பாடத்திற் பயிலும் பாண்டியனுக்கு வேம்பினும் அழகிய பூக் கிடைத்திராதா? சேரனுக்குப் பனையும் சோழனுக்கு ஆத்தியும்போல, அவன் குடிக்கு அடையாளம் அதுவே. இனி யான் நகையேன்.