பதின்மூன்று நரம்புகள்

ஆசிரியப் பணியில் நெடுங்காலம் கழித்தவர்க்கு மறக்கவியலாத மாணவர் பலர் இருப்பர். நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் பல்கலைக்கழகத் தேர்வில் முதன்மை பெற்றவர் அல்லர். மேடையில் முழங்கியவரும் அல்லர். சரியாகச் சொன்னதற்காக நம்மிடம் கடிந்துரை பெற்ற ஒருவர். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மானாமதுரையிலிருந்து இரயிலில் வந்து மதுரையில் படித்தவர். மண்பாண்டம் வனையும் குடும்பத்தில் பிறந்தவர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறோம்.

1980களின் நடுப்பகுதி. மதுரையில் ஒலிநாடா பதிந்து தரும் கடைகள் பெருகியிருந்த காலம். துறையின் இலக்கிய மன்றத்தில் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைப் பற்றிப் பேச நாம் ஒப்புக்கொண்டிருந்தோம். யாழின் வகைகள், நரம்புகளின் எண்ணிக்கை ஆகியவற்றை வெறும் சொற்களால் விளக்கினால் மாணவர்க்குச் சோர்வு தோன்றும். நரம்பிசையைச் சிறிது கேட்கச் செய்தால் நன்றாயிருக்கும் என்று எண்ணினோம். நண்பர் ஒருவர் ஓர் ஒலிநாடா தந்தார். அதன் மேல் ‘சக்தி’ என்ற ஒரு சொல் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. வாசித்தவர் யார், கருவி எது என்ற குறிப்பு ஏதும் இல்லை.

அதை வீட்டில் கேட்டபோது வயலினும் தபலாவும் கடமும் எளிதில் தெரிந்தன. அவற்றோடு ஒரு நரம்புக் கருவி மின்னல் விரைவில் ஓடியது. இடையிடையே பல தந்திகள் ஒருங்கே அதிர்ந்து அருவிபோல் வழிந்தன. சுரங்கள் வளைந்து குழைந்தன. இது வடநாட்டுச் சரோதாகவே இருத்தல் வேண்டும் என்று நாம் முடிவு கட்டினோம். மன்றத்திலும் அவ்வாறே ஐயத்திற்கிடமின்றி அறிவித்தோம்.

ஒலிநாடா ஓடி நின்றதும் பின்வரிசையில் அம்மாணவர் எழுந்தார். “ஐயா, இது சரோத் இல்லைன்னு தோணுதுய்யா. கிதார்னு நினைக்கிறேன்” என்றார். காரணம் கேட்டோம். “கூட வாசிக்கிறது எங்க ஊர்க் கடம் மாதிரி இருக்குய்யா. அதைக் கேட்டுக்கிட்டே இதையும் கேட்டேன். இந்தக் கருவியோட வயித்தை மூடியிருக்கிறது தோல் இல்லைய்யா, மரம். தோல்னா சத்தம் சட்டுன்னு அடங்கிரும்” என்றார்.

அந்த விடையின் அருமையை உணரும் பொறுமை அன்று நம்மிடம் இல்லை. “கிதாரில் கமகம் எங்ஙனம் வரும்? மெட்டுக்கு மெட்டு நின்று பேசும் கருவியல்லவா அது? பானை தட்டிப் பழகிய காதால் யாழைக் கேட்கலாகாது, தம்பி” என்றோம். அவையில் சிரிப்பு எழுந்தது. நாமும் சிரித்தோம். அவர் அமர்ந்தார். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் இலக்கிய மன்றக் கூட்டம் எதற்கும் அவர் வரவில்லை. அதனையும் நாம் கவனித்ததாக நினைவில்லை.

சில ஆண்டுகள் கழிந்தன. நண்பர் ஒருவர் இல்லத்தில் பழைய ஆங்கில இதழ் ஒன்றைப் புரட்டியபோது ஒரு படம் நம்மை நிறுத்தியது. வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் சம்மணமிட்டமர்ந்து பெரிய கிதார் ஒன்றை மடியில் ஏந்தியிருந்தார். வழக்கம்போல் 6 தந்திகள் நீளவாக்கில் ஓடின. அவற்றின் அடியில், ஒலித்துளைக்குக் குறுக்கே, சாய்வாக வேறு 7 தந்திகள் கட்டப்பட்டிருந்தன. ஆக 13 தந்திகள். அத்தகைய கிதாரை நாம் எக்கடையிலும் கண்டதில்லை. படத்தின் கீழே ‘சக்தி’ என்ற குழுவின் பெயர் இருந்தது.

மெல்ல மெல்ல விவரங்கள் தெளிவாயின. அவர் ஜான் மெக்லாஃப்லின்; 1942இல் இங்கிலாந்தில் பிறந்தவர்; மின்கிதாரில் உலகப் புகழ் ஈட்டியவர். புகழின் உச்சியில் இருந்தபோதே மின்கருவியை ஒதுக்கிவைத்து, வயலின் கலைஞர் எல். சங்கர், தபலா மேதை ஜாகிர் உசேன், கடக் கலைஞர் விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவை அமைத்தார். அக்குழுவின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த கச்சேரியில் பதிவு செய்யப்பட்டு 1976இல் வெளிவந்தது. அவர் கையிலிருந்த கருவி கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆபிரகாம் வெக்டர் என்னும் கைவினைஞர் அவருக்கென்றே தனியாக உருவாக்கித் தந்தது.

குறுக்குத் தந்திகள் ஏழும் வாசிக்கும் இராகத்திற்கேற்பத் தனித்தனியே சுருதி சேர்க்கத் தக்கவை. மேல்தந்தி பேசும்போது அடியிலுள்ளவை தாமே அதிர்ந்து உடன்பாடும். வேண்டியபோது விரலால் வருடவும் இயலும். நாம் சரோத் என்று மயங்கியதற்குக் காரணமான அருவியோசை இதுவே. சரோதிலும் சிதாரிலும் இத்தகைய துணைத்தந்திகள் உண்டு. நம் வீணையிலோ வாசிக்கும் தந்திகள் 4 போகப் பக்கத்தில் தாளத் தந்திகள் 3 உண்டு.

அக்கருவியின் மற்றொரு புதுமை படத்தில் எளிதில் புலப்படாதது. அதன் கழுத்துப் பலகையில் மெட்டுக்கும் மெட்டுக்கும் இடையே மரம் பள்ளமாகக் குடையப்பட்டிருந்தது. சாதாரணக் கிதாரில் தந்தியை அழுத்தும் விரல் உடனே மரத்தில் முட்டி நின்றுவிடும். வீணையில் அவ்வாறன்று. 24 மெட்டுகளும் மெழுகின் மேல் உயர்த்தி நிறுத்தப்பட்டிருத்தலால் விரலுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. தந்தியை நன்கு இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைக் காட்டலாம். கமகத்தின் உயிர் அந்த இடைவெளியில்தான் உள்ளது. வீணையில் மெட்டு உயர்ந்தது. இக்கிதாரில் மரம் தாழ்ந்தது. பயன் ஒன்றே. “கிதாரில் கமகம் எங்ஙனம் வரும்?” என்று நாம் அன்று எழுப்பிய வினாவுக்கு ஒரு தச்சுக் கலைஞர் உளியால் ஏற்கெனவே விடை எழுதியிருந்தார்.

அந்த வீணை அறிவு மெக்லாஃப்லினுக்கு எங்கிருந்து வந்தது என்று தேடியபோது நம் நாணம் மேலும் மிகுந்தது. அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை பயின்றவர். பயிற்றுவித்தவர் டாக்டர் எஸ். இராமநாதன். ஆம், மதுரை ஸ்ரீ சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக விளங்கிய அதே இராமநாதன். 1985இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். சிலப்பதிகார இசையை ஆராய்ந்து வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய ‘சிலப்பதிகாரத்து இசை நுணுக்க விளக்கம்’ என்ற நூலை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டுதான் நாம் அன்றைய மன்றப் பேச்சுக்குக் குறிப்பெடுத்தோம். ஆசிரியரின் நூல் நம் கையில் இருந்தது. அவருடைய மாணவரின் இசை நம் காதில் ஒலித்தது. இரண்டையும் இணைத்தறியும் ஆற்றல் நமக்கு இல்லை. ஓசையை மட்டும் நம்பிய ஓர் இளைஞருக்கு இருந்தது.

இசையைப் பற்றிச் சமுதாயப் பெரியோரிடையே பல்வேறு கருத்துகள் நிலவுவதை அறிவோம். அவ்வாராய்ச்சி இங்கு நம் நோக்கமன்று. எனினும் கிதாரின் வரலாறு நமக்குத் தொலைவானதன்று என்பதைச் சொல்லியாக வேண்டும். ‘கிதாரா’ என்னும் கிரேக்கச் சொல் அரபு மொழி வழியாக ஸ்பெயினை அடைந்து இன்றைய வடிவம் பெற்றது என்பர். ‘ஊது’ என்னும் அரபு நரம்புக் கருவியின் பெயருக்கு மரம் என்பதே பொருள். அல் என்னும் முன்னொட்டோடு அச்சொல் ஐரோப்பாவிற்குள் சென்று ‘லூட்’ ஆயிற்று. 822ஆம் ஆண்டு குர்துபா நகரை அடைந்த ஸிர்யாப் என்ற கலைஞர், நான்கு தந்திகள் கொண்ட ஊதுக்கு ஐந்தாவது தந்தியைச் சேர்த்தார் என்று வரலாறு கூறுகிறது. பண்டைத் தமிழரோ 7 நரம்பு கொண்ட செங்கோட்டியாழ் முதல் 21 நரம்பு கொண்ட பேரியாழ் வரை வகுத்து வைத்திருந்தனர். வேண்டும் ஓசைக்காகக் கருவியின் உடலை மாற்றுதல் எந்த ஒரு நாட்டினர்க்கும் தனியுரிமை அன்று. பாடவேண்டியது எது என்பது முதலில் தோன்றும். மரமும் நரம்பும் அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். ஆதலின் ஒரு கருவியை அடையாளம் காண விழைவோர் அதன் உள்ளே ஒட்டிய பெயர்ச்சீட்டைத் தேடுவதினும், எந்தக் குரலுக்காக அது இவ்வடிவம் கொண்டது என்று கேட்பதே நேரிய வழியாகும்.

இவ்வளவும் தெளிந்தபின் வாளாவிருத்தல் முறையன்று. ஒரு விடுமுறை நாளில் இராமேசுவரம் செல்லும் வண்டியில் ஏறினோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். வையைச் சமவெளியின் வயல்களும் பனைகளும் கண்மாய்க் கரைகளும் கடந்து சென்றன. தண்டிக்கப்பட வேண்டியவர் தாமே நடந்து செல்வது போன்ற உணர்வு நம்மிடம் இருந்தது.

அவர் வீட்டு முற்றத்தில் களிமண் பிசைந்துகொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் கைகழுவி ஓடி வந்து நாற்காலி இட்டார். நாம் வந்த காரணத்தைக் கூறி, “அன்று நீர் சொன்னது சரி, நாம் சொன்னது பிழை, அவையில் சிரித்தது அதனினும் பெரிய பிழை” என்றோம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்திருந்தார். பிறகு, “அந்தப் பானைன்ற சொல்லு மட்டும் கொஞ்ச நாள் வலிச்சதுய்யா” என்றார். அவ்வளவே.

பின்பு உள்ளே சென்று இரண்டு கடங்களைக் கொணர்ந்து நம் முன் வைத்தார். மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தினும் சுவர் தடித்தது, எடை மிகுந்தது. சக்கரத்தில் வனைந்தபின் உள்ளே கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் அடித்து அடித்துச் சுவரின் கனத்தை எங்கும் சமமாக்க வேண்டும். ஓரிடத்தில் கனம் மாறினும் நாதம் பிசகும். நரம்பை முறுக்குவதுபோல் சுட்ட மண்ணைப் பின்னர் முறுக்க இயலாது. சூளையிலிருந்து வெளிவந்தபின் தட்டிப் பார்த்தே இது கடம், இது வெறும் பானை என்று பிரிப்பர். இரண்டும் ஒரே மண்; ஒரே கை; ஒரே நெருப்பு. கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. பிறந்த நாள்முதல் அந்த வேற்றுமையைக் காதால் அறிந்து வளர்ந்தவரிடம்தான் நாம் பானை தட்டிய காது என்று ஏளனம் பேசினோம்.

“தட்டிப் பாருங்கய்யா” என்றார். தட்டினோம். முதலில் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவர் மீண்டும் தட்டச் சொன்னார். ஐந்தாறு முறைக்குப்பின் ஒன்றில் ஓசை உள்ளே நின்று சுழல்வதும் மற்றதில் அது வெளியே சிந்திவிடுவதும் சிறிது விளங்கின. “இப்பக் கேக்குதாய்யா?” என்றார். கேட்டது என்றோம். அன்று ஆசிரியர் அவர், மாணவர் நாம்.

அக்கைவினைக்கு உரிய சிறப்புகள் பின்னர் வந்து சேர்ந்தன. அவ்வூரின் கடம் வனையும் மூதாட்டி மீனாட்சி அவர்களுக்கு 2014இல் சங்கீத நாடக அகாதெமி விருது வழங்கப்பெற்றது. மானாமதுரை மண்பாண்டம் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. சக்தி குழுவும் தன் ஐம்பதாண்டு நிறைவையொட்டி வெளியிட்ட இசைத்தொகுப்பிற்காக 2024இல் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் ஜாகிர் உசேன் மறைந்தார். அச்செய்தி வந்த இரவில் பழைய ஒலிநாடாவைத் தேடி எடுத்தோம். அதைச் சுழற்றும் கருவி வீட்டில் இல்லை. வெறுமனே கையில் வைத்திருந்தோம்.

சொல்பவர் யார் என்று பாராமல் சொல்லப்பட்டதன் மெய்ம்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்த நெறியை நாம் எத்தனையோ ஆண்டுகள் பாடமாக நடத்தினோம். தூய்மை நாடி வந்த பார்வையற்ற எளியவரைப் புறக்கணிக்கலாகாது என உணர்த்தும் ‘அபஸ’ அத்தியாயத்தையும் எத்தனையோ முறை ஓதினோம். இரண்டையும் ஒரு கிதாரின் வயிறுதான் நமக்கு விளங்க வைத்தது.

இம்மலரைப் படிக்கும் இளம் ஆசிரியர்க்கு ஒன்று கூறி அமைகிறோம். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்து உங்களை மறுக்குமாயின், விடை கூறுமுன் சற்றே பொறுத்திருங்கள். அக்குரல் பிழையாகவும் இருக்கலாம். எனினும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எல்லாம் அறிந்தவன் இறைவன் ஒருவனே.