துண்டு போட்டேன்

கப்பலின் பிரிட்ஜில் வாட்ச் பார்க்கும் அதிகாரி முழித்திருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டே இருக்க ஓர் அலாரம் உண்டு. 2011 ஜூலையிலிருந்து புதுக் கப்பல்களுக்குக் கட்டாயமாகி, பிறகு பழையவற்றுக்கும் வந்தது. 3 முதல் 12 நிமிடத்துக்குள் ஓர் இடைவெளியை வைத்துவிடுவார்கள். அதற்குள் பட்டனைத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் விளக்கு மினுக்கும். 15 விநாடியில் பிரிட்ஜில் கத்தும். இன்னும் 15 விநாடி போனால் கேப்டன் கேபினில் அடிக்கும். எனக்கு ஆகாதது இந்தக் கடைசிதான்.

நான் செகண்ட் மேட். நள்ளிரவு 12 முதல் 4 வரை என் வாட்ச். எங்கள் கப்பலில் ஆள் அசைந்தாலே ரீசெட் ஆகும் சென்சாரும் இருந்தது. ஏசி காற்று வரும் இடத்தில், சென்சாரின் கண்ணுக்கு நேராக ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். பஸ்ஸில் சீட்டுக்குப் போடுவார்களே, அதுபோல நான் முழித்திருப்பதற்குத் துண்டு போட்டேன். அது ஆடிக்கொண்டிருக்க, நான் நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். லுக்அவுட் நிற்க வேண்டிய ஏ.பி. மாலுமி என்னைவிட மூத்தவர். "கீழ போய்ப் படுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பிவிடுவேன். அது ஏதோ அவருக்குச் செய்யும் உபகாரம் போல.

அசதி என்று சொல்லலாம், பொய்யில்லை. 24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு என்பது விதி. ஏட்டில் 10 இருக்கும், அதை எழுதியவனும் நான்தான். ஆனால் முடியவில்லை என்றால் கூப்பிடச் சொல்லி கேப்டன் எழுதியே வைத்திருந்தார். திட்டுகிற ஆளுமல்ல. "முடியல சார்" என்று சொன்னால் கெட்டிக்காரப் பையன் என்ற பெயர் போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

2015 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் கில்கோன் அருகே 'லிஸ்ப்ளிங்க் சீவேஸ்' என்ற சரக்குக் கப்பல் இரவு இரண்டரை மணிக்கு முழு வேகத்தில் கரையேறியது. விசாரணை அறிக்கையைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி: அதில் வாட்ச் பார்த்த அதிகாரி குடித்திருந்தார், நான் குடிப்பதில்லை. அடுத்த வரிகளில் அலாரத்தைப் போடவில்லை, லுக்அவுட்டும் இல்லை என்றிருந்தது.

என் கப்பல் எதிலும் மோதவில்லை. கான்ட்ராக்ட் முடிந்து இறங்கும்போது, எனக்குப் பதிலாக வந்த பையனுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தேன். சார்ட், ஜிபிஎஸ், மருந்துப் பெட்டி, அந்தத் துண்டு. ஹேண்டிங் ஓவர் நோட்ஸில் துண்டை மட்டும் எழுதவில்லை. வாயால் சொன்னேன்.