செவிக்கு எட்டும் எழுத்து

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றிய மரபினர் நாம். அவ்விரண்டும் ஒருங்கே தொழிற்படும் துறை கணினித் துறையாகும். அத்துறையிற் பல்லாண்டாக உழைத்துவரும் எம்மை, இவ்விழா மலருக்கு யாதேனும் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். அண்மையிற் கொழும்பிலே இரு நாள் தொண்டராய்ப் பணியாற்றியபோது யாம் கண்ட ஒன்றை எழுதுதல் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்தரும் எனக் கருதினோம்.

கணினி நிரல் எழுதுவோர் ஓரிடத்திற் கூடி, குறித்த நேரத்துள் ஒரு கருவியை ஆக்கி முடிக்கும் போட்டியை 'ஹக்கத்தோன்' என்பர். இப்பெயர் 1999ஆம் ஆண்டளவில் வழக்கிற்கு வந்தது. யாம் சென்ற போட்டிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. விழிப்புலன், செவிப்புலன் இழந்தோரும், உடலியக்கம் குன்றியோரும் ஏனையோருடன் ஒரே குழுவில் அமர்ந்து போட்டியிட்டனர். எம்மைப் போன்ற வழிகாட்டிகளுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு ஒன்றே: வினவலாம், சுட்டிக்காட்டலாம், ஆனால் மாணவரின் விசைப்பலகையைத் தொடலாகாது.

எம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட குழுவினர் ஐவர். அவருள் ஒருவர் வடமாகாணத்தைச் சேர்ந்த விழிப்புலனற்ற பல்கலைக்கழக மாணவர். அவருடைய கணினியிலே திரையில் உள்ளவற்றை ஒலியாக்கிச் சொல்லும் 'திரைவாசிப்பான்' என்னும் மென்பொருள் இருந்தது. அவுஸ்திரேலியரான மைக்கேல் கரன் 2006ஆம் ஆண்டில் தொடங்கி, ஜேம்ஸ் தே என்பாருடன் சேர்ந்து வளர்த்த என்.வி.டி.ஏ. என்பதே அது. அவ்விருவரும் விழிப்புலனற்றவர்கள். அவர்கள் ஆக்கிய அம்மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம்.

அம்மாணவர் அதனை எமது செவி பின்தொடர இயலாத விரைவிற் கேட்டார். பைத்தன் என்னும் நிரல்மொழியில் வரியின் முன்னுள்ள வெற்றிடத்திற்கும் பொருள் உண்டு. அவ்வெற்றிடத்தின் அளவைத் திரைவாசிப்பான் சுரவேறுபாட்டால் உணர்த்தும். கண்ணுடைய நால்வர் தேடியும் அகப்படாத ஒரு பிழையை, அச்சுரத்தைக் கேட்டே அவர் கண்டுபிடித்தார்.

அதற்குமுன் நிகழ்ந்தது ஒன்றைக் கூறல் வேண்டும். முதல்நாட் காலையில் நண்பரொருவர், "நீங்கள் இருங்கோ, நாங்கள் செய்து தாறம்" என்று அன்போடு கூறினார். "கேட்கப் போறவன் நான். பிழை எனக்குத்தானே முதலிலை தெரியும்" என்பது அவர் அளித்த மறுமொழி. அதன்பின் அக்குழுவிற் பரிசோதிக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று. பணியும் விரைந்து நடந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட பணி, தமிழ்ப் பாடக்குறிப்புக்களை வாசித்துக் காட்டும் கருவி ஒன்றை ஆக்குதல். முதற் குறிப்பைத் திறந்ததும் திரைவாசிப்பான் 'அம்மா' என்னும் சொல்லை, "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று ஒப்புவித்தது. குழுவினர் திகைத்தனர். ஏதுவை ஆராய்ந்தபோது அக்குறிப்பு பாமினி எழுத்துருவிற் பதிக்கப்பட்டிருந்தமை புலனாயிற்று. பாமினியிலே ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கோ பொருளற்ற ஆங்கிலம். 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்துக்களுக்கெனத் தனி எண்கள் வகுக்கப்பட்டுவிட்டன. எனினும் நம்மவர் பலர் பழைய பழக்கத்தை விட்டாரில்லை.

பாமினியை இனங்கண்டு, யுனிகோட்டாக மாற்றி, உடனே வாசிப்பானுக்கு அளிக்கும் நிரலை அக்குழுவினர் இரண்டாம் நாள் மாலையில் முடித்தனர். பரிசு வேறொரு குழுவினர்க்குச் சென்றது. ஆயினும் வரலாற்றுக் குறிப்பொன்று முதலிலிருந்து இறுதிவரை தமிழிலே ஒலித்தபோது, அம்மாணவர் அதனை மீண்டும் ஒருமுறை ஒலிக்கச் செய்து கேட்டார். நிரலைச் சோதிப்பதற்காக அன்று. அப்பாடத்தை அறியும் பொருட்டே கேட்டார்.

வலுக்குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இலங்கையில் 1996ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே வருவோர்க்கு நூலை எடுத்துக் கொடுப்பது நம் கடன். இடம் அளித்தல் மட்டும் போதாது. வேலையையும் அவர் கையிற் கொடுத்தல் வேண்டும்.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் ஒன்று. இவ்விழா மலரை அச்சிடுவதோடு அமையாது, யுனிகோட் எழுத்திலும் வெளியிடுக. ஒவ்வொரு நிழற்படத்திற்கும் அதனை விளக்கும் சில சொற்களைச் சேர்த்திடுக. பாமினியிலே பதித்து வைத்த பழைய மலர்களையும் படிப்படியாக மாற்றுக. இதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. உயர்வகுப்பு மாணவர் சிலரும், அவர்க்கு வழிகாட்டும் பழைய மாணவர் சிலரும் விடுமுறையிற் கூடினால் ஆகக்கூடிய காரியமே. விழிப்புலனற்ற மாணவரையும் அக்கூட்டத்திற்கு அழைத்தல் வேண்டும். எழுத்து செவிக்கு எட்டியதா என்பதை அவர்களே சொல்ல வல்லார்.

கல்லூரி அன்னை தன் மக்கள் அனைவரோடும் பேசுவாளாக. அவள் புகழ் நீடு வாழ்க!