உள்ளே மடங்கும் இமை, வெளியே தொங்கும் இமை

அறுபது தாண்டியவர் கண்ணில் நீர் வடிந்தால் நம் ஊரில் உடனே மூன்று காரணம் சொல்வார்கள்: கண் சூடு, தூசி, டி.வி. நான்காவதாக ஒன்று உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. கண் நன்றாகவே இருக்கும். கீழ் இமை மட்டும் தன் இடத்தை விட்டு நகர்ந்திருக்கும். சிலருக்கு அது உள்பக்கம் மடங்கும், சிலருக்கு வெளிப்பக்கம் தொங்கும். எனக்கு வந்தது வெளிப்பக்கம். என்னோடு ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பருக்கு உள்பக்கம்.

மருத்துவர் என் சீட்டில் எக்ட்ரோபியான் என்று எழுதினார். உள்ளே மடங்கினால் என்ட்ரோபியான். பிரெஞ்சிலும் இவையே, உச்சரிப்புதான் வேறு. 'த்ரோபே' என்றால் கிரேக்கத்தில் திரும்புதல். கடகரேகையையும் மகரரேகையையும் 'த்ரோப்பிக்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்களே, அதுவும் இதே வேர்தான். அங்கே திரும்புவது சூரியன், இங்கே இமை.

கீழ் இமையைத் துணி உலர்த்தும் கொடி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் எலும்போடு கட்டியிருக்கிறது. வயதாக ஆகக் கட்டு தளர்ந்து கொடி தொய்கிறது. இமையைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் ஒரு தசையும் உண்டு. அதுவும் விட்டுப்போனால், கண்ணை மூட உதவும் விளிம்புத் தசை மேலேறி இமையை உள்ளே சாய்த்துவிடும். இல்லாவிட்டால் தொய்ந்த இமை தன் பாரத்தில் வெளியே விழும். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் முதுமைதான். முகவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தாலும், தீக்காயமோ தழும்போ கன்னத்துத் தோலைச் சுருக்கி இழுத்தாலும் இமை வெளியே திரும்பும். உள்ளே மடங்குவதற்கு இன்னொரு காரணம் டிராக்கோமா. அந்தக் கிருமி திரும்பத் திரும்பத் தாக்கி மேல் இமையின் உள்புறத்தைத் தழும்பாக்கிவிடும். வட இந்தியாவில் ஒரு காலத்தில் அதனால் பார்வை இழந்தவர்கள் ஏராளம். இந்தியாவில் அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் அறிவித்தது.

இமை வெளியே தொங்கினால் நீர் ஏன் வடிகிறது? மூக்கை ஒட்டிய மூலையில், இமை விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கிறது. கண்ணீர் அதன் வழியாக மூக்குக்குள் இறங்கும். அழும்போது மூக்கும் ஒழுகுவது அதனால்தான். இமை விலகிவிட்டால் துளை வானத்தைப் பார்க்கும், நீர் கன்னத்தில் வழியும். நவம்பரில் வாழ்வுச் சான்றிதழ் கொடுக்க வரிசையில் நின்றபோது, பக்கத்திலிருந்த அம்மா, "ஏன் ஐயா அழறீங்க, வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" என்று விசாரித்தார். உயிரோடிருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறேன் அம்மா என்றேன்.

வழியும் நீரைக் கைக்குட்டையால் கீழ்நோக்கி இழுத்துத் துடைக்கிறோம். அது இமையை இன்னும் தொங்கவைக்கும். மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக ஒற்றி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒரு யோசனைக்கே அவருக்குக் கட்டணம் கொடுக்கலாம்.

என்னுடையது தொந்தரவு, அவ்வளவே. நண்பருடையது ஆபத்து. இமை உள்ளே மடங்கினால் இமைமுடி கருவிழியை உரசும். ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் ஒரு துடைப்பக்குச்சி. "கண்ணுல மணல் கொட்டின மாதிரி இருக்குப்பா" என்பார். எட்டு மாதம் சொட்டு மருந்து மாற்றி மாற்றிப் போட்டார்கள். நடுவில் குத்துகிற முடியைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கிய முடி சில வாரத்தில் திரும்ப முளைக்கும், முளைக்கும்போது குட்டையாக, முள்ளாக இருக்கும். இமையைக் கீழே இழுத்து விட்டுவிட்டு, கண்ணை இறுக மூடித் திறக்கச் சொல்லிப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். கடைசியில் கருவிழியில் புண் வந்தது. புண் ஆறியது, ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. இன்று அந்தக் கண்ணால் ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது.

ஆகவே கண் சிவந்து வலித்தால், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், அன்றே கண் மருத்துவமனைக்குப் போங்கள். ஜிப்மரும் தவளக்குப்பம் அரவிந்தும் நமக்குப் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. ஒரு பக்க இமையில் மட்டும் கட்டி இருந்தாலோ, அந்த இடத்தில் முடி உதிர்ந்திருந்தாலோ காட்டிவிடுவது நல்லது. புற்றும் இமையை இழுக்கும்.

சொட்டு மருந்தும் இரவுக் களிம்பும் கண்ணைக் காயாமல் காக்கும். இமையை நிமிர்த்தாது. உள்ளே மடங்கிய இமையைப் பிளாஸ்டர் ஒட்டிக் கன்னத்தோடு இழுத்து வைப்பதும் அறுவை நாள் வரைக்கும்தான். படுத்த படுக்கையான முதியவர்களுக்கு இரண்டு மூன்று தையல் மட்டும் போட்டு இமையை வெளியே திருப்புவதுண்டு. அது நாளடைவில் மறுபடி மடங்கக்கூடும். முகவாதக்காரர்கள் சிலருக்கு மாதக்கணக்கில் தசை தானாகத் திரும்புகிறது, அதனால் அவசரப்பட மாட்டார்கள். தழும்பு இழுத்திருந்தால் வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டிவரும்.

முதுமைத் தளர்வுக்கு வழி நேரானது. வெளி மூலையில் இமையைக் கொஞ்சம் குறுக்கி, எலும்பின் மேலிருக்கும் சவ்வோடு மறுபடி கட்டுகிறார்கள். கொடியை இழுத்துக் கட்டுவதுதான். உள்ளே மடங்கியிருந்தால் விட்டுப்போன தசையையும் சேர்த்துத் தைப்பார்கள். மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஊசி மட்டும் சுரீர் என்றது, பிறகு வலியில்லை. என் கண் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது, மாலையில் வீடு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தவும் கூடாது, இருதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். கன்றிய நீலம் இரண்டு வாரம் இருந்தது. கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வருகிறவர்கள், "யாரோட சண்டை முசியே?" என்று கேட்டார்கள்.