வாசிக்கத் தெரியும் என்று எழுதினேன்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வாசிக்கத் தெரியாத ஒரு பையனை வாசிக்கத் தெரிந்தவன் என்று அறிக்கையில் எழுதினேன். தெரிந்தேதான் எழுதினேன். அவனோடு சேர்த்து இன்னும் சிலரையும் அப்படியே எழுதினேன். பிறகு அவன் அம்மா நேரில் வந்து கேட்டபோது அவரிடமும் அதையே சொன்னேன். இது 2014இல் நடந்தது. அண்மைக்காலம்வரை நான் இதைச் சொல்லியிருந்தது என் மனைவி ஒருத்தியிடம் மட்டும், அதுவும் பாதிதான்.

தோட்டத்தின் பெயரையும் என்னை அனுப்பிய குழுவின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவர்களில் ஒருவர்கூட என்னிடம் பொய்க் கணக்குக் கேட்கவில்லை. எழுதியது என் கை.

எப்படிப் போனேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அப்பா தோட்டத்தை விட்டு வெளியேறி லாரி ஓட்டி என்னைக் கணக்கியல் படிக்கவைத்தார். 2004இல் நம் நாட்டில் தேசிய சேவைப் பயிற்சி தொடங்கியது நினைவிருக்கும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளைக் கணினி வழியாகத் தேர்ந்தெடுத்து மூன்று மாதம் முகாமுக்கு அனுப்பினார்கள். எனக்கும் பெயர் வந்தது. உடற்பயிற்சி, தேச நிர்மாணம், குணநலம், சமூக சேவை என்று நான்கு பிரிவுகள். வேறு இனத்துப் பையன்களோடு ஒரே இடத்தில் தூங்கி எழுந்து, ஒரே சாப்பாட்டு வரிசையில் நின்ற அந்த மாதங்களில்தான், நம் சனங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குள் புகுந்தது. அந்த ஆசை பொய்யில்லை. இன்றுவரை அதை நான் சந்தேகப்பட்டதில்லை.

2012இல் ‘டீச் ஃபார் மலேசியா’ தன் முதல் அணியைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. படித்து முடித்த இளையோர் இரண்டு ஆண்டுகள் முழுநேர ஆசிரியராக வசதி குறைந்த பள்ளியில் வேலை செய்ய வேண்டும். என்னோடு படித்த ஒருவர் அதில் சேர்ந்தார். எனக்குச் சம்பளத்தை விட மனமில்லை. அதனால்தான் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். வேலையும் இருக்கும், தொண்டும் நடக்கும் என்று கணக்குப் போட்டேன்.

கேமரன் மலையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது தேநீர்க் கடையும் ஸ்ட்ராபெரியும்தான். 1929இல் ரஸ்ஸல் என்ற வெள்ளைக்காரர் ‘போ’ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் ‘பாரத்’ வந்தது. காட்டை அழித்துச் செடி நட்டதிலும், பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தெடுத்ததிலும் நம் ஆட்களின் கை இருக்கிறது. நான் போன காலத்தில் மலைச்சரிவில் பங்களாதேஷ்காரர்களும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். ஆனாலும் லயத்தில் பல தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் அதில் இருக்க முடியும். பிள்ளை படித்து வெளியே போவது பெற்றவர்களுக்குச் சந்தோஷம், கூடவே வயிற்றைக் கலக்கும் விஷயமும்கூட.

பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படிப்பார்கள். அதற்குப் பிறகு மலாய்மொழி இடைநிலைப்பள்ளி. அப்போது ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது; மலாயில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாத பிள்ளை படிவம் ஒன்றுக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட, இவர்கள் பின்தங்கி நிற்பார்கள். அங்கேதான் நம் பிள்ளைகள் கொத்துக் கொத்தாக உதிர்கிறார்கள். அடிப்படை எழுத்தறிவுக்காகக் கல்வி அமைச்சு 2010இல் கொண்டுவந்த ‘லீனுஸ்’ திட்டம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளுக்கானதாக இருந்தது. எங்கள் வகுப்புக்கு வந்தவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு மலாய் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை.

கோவில் மண்டபத்தில் வகுப்பு. பாய் விரித்து உட்காருவோம். காலையில் பனி மண்டபத்துக்குள்ளேயே வந்துவிடும். கம்பளிச் சட்டைக்குள் கையை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் பென்சிலைப் பிடிப்பார்கள். ஆலையில் இலை வறுபடும் வாசம் மதியம்வரை அடித்துக்கொண்டே இருக்கும்.

தொடக்கத்தில் தவறாமல் போனேன். பிறகு தவறத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து உடம்பு அலுத்துவிடும். தாப்பா வழியாக மலை ஏறும் வளைவுகளை நினைத்தாலே குமட்டும். பள்ளி விடுமுறை வந்தால் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங்வரை கார்கள் நகராது. “இந்த வாரம் வர முடியவில்லை” என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்வேன். பிள்ளைகள் மண்டபத்துக்கு வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்று தெரியும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு விட்டுவிட்டு வரும் வகுப்பால் பயனில்லை. போன வாரம் பிடித்த எழுத்து இந்த வாரத்துக்குள் நழுவிவிடும். அதுவும் எனக்குத் தெரியும்.

அரையாண்டுக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை வாசிக்கிறது என்று பார்த்துக் குறி போட வேண்டும். இந்தியாவில் 2005 முதல் ‘அசர்’ கணக்கெடுப்பில் இதே மாதிரி ஒரு முறையை வைத்திருக்கிறார்கள். அதில் சோதிப்பவர் வீட்டுக்கே போய், பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார். நானோ, பல வாரமாக வகுப்பில் உரக்கப் படித்த பத்தியையே சோதனைக்கு எடுத்தேன். புதிய பத்தியைக் கொடுத்தால் என்ன வெளிப்படும் என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் அதை எடுத்தேன். பிள்ளைகள் வாசிக்கவில்லை என்று எழுதினால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்று கேட்டால் நான் போகாத சனிக்கிழமைகள் வெளியே வரும்.

அந்தப் பையன் வந்து என் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போன கதை. புத்தகத்தைக் கையில் வாங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். தடங்கலே இல்லை. அவன் கட்டைவிரல் இரண்டாம் வரியை முழுக்க மூடியிருந்தது. அந்த வரியையும் சொன்னான். பத்தியின் கடைசி இரண்டு வாக்கியங்கள் அடுத்த பக்கத்தில் இருந்தன. பக்கத்தைத் திருப்பாமலே அவற்றையும் சொல்லி முடித்தான். முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் ‘பத்தி’ என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

அந்த வகுப்பில் எனக்கு உதவியாக ஒரு தங்கச்சி இருந்தார். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர், எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வராத வாரங்களில் அந்தப் பிள்ளைகளை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் தானே உட்கார்ந்து எழுத்து சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் என் பக்கத்தில் குனிந்து சொன்னார்: “சார், அவன் பாத்துப் படிக்கல. ஒப்பிக்கிறான். வேற பக்கத்தக் குடுத்துப் பாருங்க.”

“பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்” என்றேன்.

அவர் மறுபடி பேசவில்லை. அவருக்கு மாதாமாதம் கிடைத்த சிறு உதவித்தொகை என் கையெழுத்தில்தான் வந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மதியம் அவன் அம்மா வந்தார். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் உறையில் இலை ஒட்டியிருந்தது. நாள் முழுக்கக் கத்தரி பிடித்து வீங்கிய மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். பாயில் உட்காரச் சொன்னேன், ஈரமாகிவிடும் என்று மறுத்து நின்றபடியே கேட்டார்.

“எழுத்து ஏறுதா தம்பி அவனுக்கு? உள்ளதச் சொல்லுங்க. ஏறலன்னா ஈப்போவுல எங்கண்ணன் வீட்ல விட்டுடறேன். அண்ணி பக்கத்துலயே டியூசன் சேத்து விடறேங்கிறாங்க.”

“எங்கயும் அனுப்ப வேணாம்க்கா. நல்லா வாசிக்கிறான்.”

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு எல்லாவற்றிலும் அதிகக் கூச்சமாக இருக்கிறது.

பள்ளியில் சொல்லியிருக்க மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார்கள். பையனுக்கு மலாய் வரவில்லை, கவனியுங்கள் என்று அவன் ஆசிரியர் சொல்லித்தான் அந்த அம்மா அண்ணனிடமே பேசியிருக்கிறார். கோலாலம்பூரிலிருந்து காசு வாங்காமல் வந்து சொல்லிக்கொடுக்கிற தம்பியோ, ‘நன்றாக வாசிக்கிறான்’ என்கிறது. அந்தப் பேச்சை நம்பிவிட்டார். ஆசிரியரின் உண்மையை என் பொய் தோற்கடித்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு தாய்க்குப் பிள்ளையின் வாசிப்பைத் தானே சோதித்துப் பார்க்க வழியில்லை. எங்களைப் போன்றவர்களின் சொல்லை நம்புவது ஒன்றுதான் அவரால் முடிந்தது.

அறிக்கையின் விளைவும் தாமதிக்காமல் வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பத்திவரை வாசிக்கிறார்கள் என்று தெரிந்ததும் குழு அடுத்த ஆண்டு வாசிப்பு வகுப்பை நிறுத்திவிட்டு, ஆறாம் ஆண்டுத் தேர்வுப் பயிற்சிக்குப் பணத்தை மாற்றியது. என் கணக்கு உண்மையாக இருந்திருந்தால் சரியான முடிவுதான் அது. வாசிக்கத் தெரியாதவனைத் தேர்வுத்தாளின் முன் உட்காரவைத்தால் என்ன செய்வான்? 2015இல் தேர்வெழுதினான், 2016இல் புகுமுக வகுப்பு. அதற்கு மேல் ஓடவில்லை. மலையில் காய்கறித் தோட்டங்களில் முட்டைக்கோஸ் அடுக்க நாள் கூலிக்கு எப்போதும் ஆள் தேவை. அங்கே போய்விட்டான். நான் அதற்கு முன்பே வேலை மாறி, திருமணம் பேசி, மலைக்குப் போவதை விட்டிருந்தேன். கடைசி நாளில் எனக்குப் பொன்னாடை போட்டு, இரண்டு பொட்டலம் தேயிலைத் தூளும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இத்தனை ஆண்டு கழித்து இப்போது ஏன் எழுதுகிறேன்? 2018இல் நிறுத்திய தேசிய சேவைப் பயிற்சி 2025இல் 45 நாள் பயிற்சியாகத் திரும்பி வந்ததும் தொண்டு, சேவை என்ற பேச்சு இளையோரிடையே மறுபடி எழுந்தது. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அனுபவம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். ஒரு நல்ல அறிக்கை எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, திரையில் ஒரு பழைய அறிக்கையைப் போட்டார்கள். என்னுடையது. கட்டங்களும் குறிகளும் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. அன்று மேடையில் நான் பேசியது எதுவும் நினைவில்லை. மறுவாரம் பொறுப்பாளரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன்.

தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியபோது, பிள்ளைகளின் குடியிருப்பிலேயே இருக்கும் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, மாலை வகுப்புக்குச் சேர்த்தார்கள் என்று படித்தேன். எங்கள் தோட்டத்துத் தங்கச்சி உடனே நினைவுக்கு வந்தார். அதே லயத்தில் இருந்த அவருக்குப் பையனின் அம்மாவைத் தினமும் தண்ணீர்க் குழாயடியில் பார்த்தாக வேண்டியிருந்தது. அப்படிப் பார்த்தாக வேண்டியவர் என் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டார். வகுப்பை அவர் பொறுப்பில் விட்டு, நான் புத்தகமும் பணமும் சேர்த்துக் கொடுத்திருந்தாலே போதும். தொண்டன் என்ற பெயரை விட்டுக்கொடுக்க எனக்கு அப்போது மனம் வரவில்லை.

அந்தத் தங்கச்சியிடம்தான் முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் மூலமாக அந்த அம்மாவின் தொலைபேசி எண் கிடைத்தது. தோட்ட வேலையை விட்டு, மகள் வீட்டோடு இருக்கிறார். யார் என்று சொன்னதும் அடையாளம் கண்டு, பசியாறிவிட்டீர்களா, பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்பவே சொல்லியிருந்தா அண்ணன் வீட்ல விட்டிருப்பேனே தம்பி” என்றார்.

பையன் இப்போது செலாயாங் மொத்தச் சந்தைக்கு இரவில் காய்கறி ஏற்றிப் போகும் லாரியில் கெலிண்டானாக, அதாவது ஓட்டுநரின் உதவியாளாக இருக்கிறான். முதலாளி ஓட்டுநர் உரிமம் எடுக்கச் சொல்கிறார். எடுத்தால் சம்பளம் கூடும். எழுத்துத் தேர்வில் 50 கேள்விகள், 42 சரியாக இருக்க வேண்டும். அந்தத் தேர்வுக்குப் போகவே அவன் மறுக்கிறான் என்றார் அம்மா. லாரி சந்தைக்கு வரும் நாட்களில் நான் அங்கே வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன், வாரம் தவற மாட்டேன், எழுத்திலிருந்து தொடங்கலாம் என்று அவனுக்குக் குரல்பதிவு அனுப்பினேன். கேட்டுவிட்டான் என்று கைபேசி காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் அது அவன் உரிமை. நம்பிக்கையான வேறொரு ஆசிரியர் அவனுக்குக் கிடைத்தால் அந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.